வீடு கட்டும் சர்க்கார்

ஏழைகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது சர்க்காரின் கடமை என்பதை இன்று மறுப்பார் எவருமில்லை. எந்தக் கட்சி மந்திரிசபை அமைத்தாலும் அதன் பட்ஜெட்டில் வீட்டு வசதிக்கென்று ஒரு பெருந்தொகை ஒதுக்கப்படுகிறது. எந்தக் கட்சி எதிர்வரிசையில் அமர்ந்தாலும் அத்தொகை போதாது என்கிறது. ஆகவே, கொடுக்க வேண்டுமா என்பது தமிழ்நாட்டில் தீர்ந்துபோன கேள்வி. எப்படிக் கொடுப்பது என்பதுதான் தீராமல் நிற்கிறது. அதைப்பற்றிச் சட்டசபையில் விவாதம் நடப்பது அபூர்வம். எத்தனை வீடு, எத்தனை கோடி என்று கேட்கிறார்கள், எண்ணிக்கை சொல்லப்படுகிறது, மேஜைகள் தட்டப்படுகின்றன. அந்த வீடு எங்கே இருக்கிறது, யார் பேரில் இருக்கிறது, பத்து வருஷம் கழித்து அதன் கூரை ஒழுகினால் யார் அடைப்பது என்று கேட்பவர் மிகச் சிலரே.

சென்னைப் பட்டணத்தின் அனுபவத்தைக்கொண்டு இதை ஆராய விரும்புகிறோம். அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட அனுபவம் அது. அதில் நன்மையும் உண்டு, பிழையும் உண்டு. நன்மை நடந்த இடத்தை மறந்துவிட்டுப் பிழை நடந்த வழியிலேயே நெடுந்தூரம் போய்விட்டோம் என்பது நமது அபிப்பிராயம்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளிலேயே சென்னைக்கு ஒரு நகர அபிவிருத்தி டிரஸ்ட் இருந்தது. 1961-ல் வீட்டு வசதி வாரியம் ஏற்பட்டபோது அது இதனுள் அடங்கிவிட்டது. தியாகராய நகரை அடுத்த சி.ஐ.டி. நகரில் குடியிருப்போரில் எத்தனை பேருக்கு அம்மூன்று எழுத்துக்களின் பொருள் தெரியுமோ, நாம் அறியோம். அந்த டிரஸ்டின் ஞாபகச் சின்னம் அதுதான்.

ஏழைகளுக்கென்றே தனியாக ஒரு ஸ்தாபனம் 1970-ல் பிறந்தது. குடிசை மாற்று வாரியம் என்ற பெயருடன் அது 50 ஆண்டுகள் நடந்து, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. வாரியம் ஏற்பட்ட மறு ஆண்டே, 1971-ல், குடிசைப் பகுதிகளை மேம்படுத்துவதற்கும் அகற்றுவதற்குமான சட்டம் நிறைவேறிற்று. அக்காலத்தில் நம் தேசத்தில் இத்துறையில் இவ்வளவு துணிவுடன் இறங்கிய ராஜ்ய சர்க்கார்கள் சிலவே. சட்டத்தின் பெயரிலேயே மேம்பாடு என்ற சொல் முன்னும், அகற்றுதல் என்ற சொல் பின்னும் நின்றதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இருக்கிற இடத்தில் வாழத் தகுந்த நிலைமையை உண்டாக்குவது முதல் கடமை, முடியாவிட்டால்தான் அகற்றுவது.

அச்சட்டப்படி ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று சர்க்கார் அறிவிக்க வேண்டும். அறிவித்த பின்னரே அங்குள்ளோர்க்குச் சட்டத்தின் காப்பும் வாரியத்தின் உதவியும் உண்டு. 1971-ல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985-ல் மேலும் 17 பகுதிகள் சேர்ந்தன. அதற்குப் பின் வெகு காலம் அந்தப் பட்டியலில் ஒரு பகுதிகூடச் சேரவில்லை. 1985-க்குப் பிறகு இந்நகரத்தில் புதிதாக ஒரு குடிசையும் முளைக்கவில்லை என்றா இதற்குப் பொருள்? நகரம் நான்கு திசையிலும் பெருகிற்று, குடிசைகளும் பெருகின, பட்டியல் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. பட்டியலில் இல்லாதவன் சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளன். வக்கீல் தொழிலில் பழகியவர்க்கு இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. ஒருவன் 30 வருஷம் ஓரிடத்தில் வாழ்ந்திருந்தாலும், அறிவிப்பு ஒன்று இல்லையென்றால் அவனுக்காக நீதிபதியிடம் இரக்கத்தைத்தான் கேட்கலாம், உரிமையைக் கேட்பது கடினம்.

வாரியத்தின் ஆரம்ப காலத்து வேலை அடுக்குமாடிக் குடியிருப்புகள். குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு அருகிலேயே, சிறு சிறு வீடுகளாகக் கட்டிக் கொடுத்தார்கள். வீடு சிறிது, ஆனால் மீனவனுக்குக் கடல் அருகில் இருந்தது, மூட்டை தூக்குபவனுக்குச் சந்தை அருகில் இருந்தது. செலவு அதிகம் என்ற ஒரு குறை அதில் உண்டு. வாரியம் கட்டும் வேகத்தைவிடக் குடிசை பெருகும் வேகம் அதிகமாயிருந்தது. அந்த நெருக்கடியில்தான் 1977-ல் உலக வங்கியின் கடனுதவியுடன் வேறொரு முறை கைக்கொள்ளப்பட்டது. இம்முறையைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், நமது பட்டணத்தின் ஏழைகளுக்குச் செலவிடப்பட்ட பொதுப் பணத்தில் மிகச் சிறந்த பலனைத் தந்தது இதுவே என்று கருதுகிறோம்.

முறை எளியது. சர்க்கார் வீடு கட்டவில்லை. நிலத்தைச் சீர்ப்படுத்தி மனைகளாகப் பிரித்தது. தெரு, குடிநீர், சாக்கடை, விளக்கு ஆகியவற்றை அமைத்தது. ஏழைக் குடும்பத்துக்குச் சிறு மனை, தவணையில் செலுத்தக்கூடிய விலையில். வசதியுள்ளவர்களுக்குப் பெரிய மனை, கூடுதல் விலையில். அந்த லாபம் சிறு மனையின் விலையைக் குறைப்பதற்கு உதவியது. பள்ளிக்கூடத்துக்கும் கடைகளுக்கும் இடம் விடப்பட்டது. வீட்டைக் கட்டிக்கொள்வது குடும்பத்தின் பொறுப்பு. இன்று ஓர் அறை, மகனுக்கு வேலை கிடைத்தால் இன்னோர் அறை, மகளின் கல்யாணத்துக்குமுன் மாடி, என்று அவரவர் சக்திக்கேற்ப வீடு வளரலாம். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் இவ்வாறு மனைகள் வகுக்கப்பட்டன. பின்னர் முகப்பேரிலும் பிற இடங்களிலும் தொடர்ந்தது.

ஆரம்பத்தில் இதற்கு நற்பெயர் கிடைக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை. மனைகள் காலியாகக் கிடக்கின்றன, ஜனங்கள் குடிவர மறுக்கிறார்கள், இது தோல்வி என்று பேசப்பட்டது. ஊரிலிருந்து தொலைவு என்றும் குறை கூறினார்கள். அன்று அவை ஊர்க்கோடிகள்தாம். உலக வங்கியே சில ஆண்டுகளில் இம்முறையிலிருந்து மனம் மாறிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய 20, 30 வருஷங்களுக்குப் பிறகு அதே வங்கியைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் சென்னையிலும் பம்பாயிலும் இந்த இடங்களைத் திரும்பவும் போய்ப் பார்த்து, தோல்வி என்று நாம் எண்ணியது வெற்றியாக அல்லவா முடிந்திருக்கிறது என்று எழுதினார்கள். 2018-ல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. காலி மனைகள் நிறைந்துவிட்டன; வீடுகள் மாடியும் மேல்மாடியுமாக வளர்ந்துவிட்டன; ஏழையும் நடுத்தர வகுப்பினரும் ஒரே பகுதியில் கலந்து வாழ்கிறார்கள். இன்று வில்லிவாக்கத்தின் தெருக்களில் நடப்பவன் இது சர்க்கார் திட்டத்தால் எழுந்த ஊர் என்று ஊகிக்கவும் மாட்டான். ஒரு திட்டத்துக்கு இதைவிட வேறு நற்சாட்சி வேண்டுமா?

ஆயினும் இம்முறை கைவிடப்பட்டது. காரணத்தைத் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. தெருவும் சாக்கடையும் போட்ட பொட்டல் வெளியில் திறப்பு விழா நடத்துவது எப்படி? மந்திரி சாவியை எடுத்து நீட்டுவதற்கு அங்கே கதவு இல்லையே! 15, 20 வருஷங்களில் பலன் தரும் வேலை, 5 வருஷத்தில் தேர்தலைச் சந்திக்க வேண்டியவர்களுக்கு ருசிக்கவில்லை. இதில் எந்தக் கட்சியையும் தனித்துச் சொல்வதற்கில்லை.

அதே காலத்தில் நடந்த மற்றொரு வேலை குடிசைப் பகுதி மேம்பாடு. குடிசையைப் பெயர்க்காமல், அதன் தெருவுக்குத் தண்ணீரும் விளக்கும் கழிப்பிடமும் கொடுத்து, குடியிருப்பவனுக்கு அவன் நின்ற நிலத்தையே தவணை விலைக்கு எழுதிக் கொடுப்பது. குத்தகையும் விற்பனையும் சேர்ந்த ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாகும்; தவணை முடிந்தால் கிரயப் பத்திரம் கிடைக்கும். அழகான ஏற்பாடு. ஆனால், பல இடங்களில் நிலம் வாரியத்துக்குச் சொந்தமாயில்லை. வருவாய் இலாகாவின் புறம்போக்கு, நகரசபையின் நிலம், கோயில் நிலம் என்று பல பேரில் கிடந்தது. ஓர் இலாகா இன்னோர் இலாகாவுக்கு நிலத்தை மாற்றிக் கொடுத்தால்தான் வாரியம் பத்திரம் எழுத முடியும். அந்த மாற்றம் தலைமுறைக் கணக்கில் தாமதமாயிற்று.

வட சென்னையில் இத்தகைய தெரு ஒன்றுக்கு நாம் சென்றிருந்தபோது, ஒரு முதியவர் பழைய பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து திறந்து காட்டினார். தவணை கட்டிய ரசீதுகள் அத்தனையும் அதில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. "பணம் கட்டி முடித்து முப்பது வருஷமாகிறது ஐயா. பத்திரம் எப்போது என்று போய்க் கேட்டால், பைல் மேலே போயிருக்கிறது என்கிறார்கள். நானும் மேலே போகிற காலம் வந்துவிட்டது" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் கட்டியிருக்கும் வீடு இரண்டு மாடி. அதை அடமானம் வைத்து மகனுக்குத் தொழில் வைத்துத் தர எந்த பாங்கியும் கடன் கொடுக்காது. எந்தக் காரியாலயத்தின் குற்றம் என்று இங்கே நாம் பெயர் சொல்ல விரும்பவில்லை. அவரைப் போன்றவர்கள் பல தெருக்களில் இருக்கிறார்கள்.

இனி பிழை நடந்த வழிக்கு வருவோம்.

2000-ஆம் ஆண்டையொட்டி ஒரு புதிய போக்கு தலையெடுத்தது. கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் கரைகளைச் சீர்ப்படுத்த வேண்டும், சாலைகளும் ரயில் பாதைகளும் அமைக்க வேண்டும் என்ற காரணங்களால் நகரின் நடுவிலிருந்த குடிசைகள் அப்புறப்படுத்தப்பட்டன. அங்கிருந்தோர் நகரின் தென்கோடிக்கு அனுப்பப்பட்டனர். ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. அங்கே 15,656 வீடுகள். அதற்கும் தெற்கே செம்மஞ்சேரியில் 6,764. அப்பால் பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல். 2004-ஆம் ஆண்டு சுனாமிக்குப் பின்னும், 2015-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின்னும் இந்த இடப்பெயர்ச்சி இன்னும் வேகம் கொண்டது. ஆக, ஒரு ஜில்லாத் தலைநகரின் ஜனத்தொகைக்குச் சமமான ஏழைகளை, ஏழைகளை மட்டுமே, ஒரு மூலையில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். அரசனிடம் நீதி கேட்டவளின் பெயரை அதில் முதல் குடியிருப்புக்கு வைத்தவர்கள் அதன் பொருத்தத்தை உணர்ந்து வைத்தார்களோ, உணராமல் வைத்தார்களோ!

ஏன் அவ்வளவு தூரம்? பணம் வந்த வழியைப் பார்த்தால் விடை தெரியும். 2005-ல் மத்திய சர்க்கார் ஜவஹர்லால் நேருவின் பெயரால் ஒரு நகரப் புனரமைப்புத் திட்டத்தை ஆரம்பித்தது. சென்னை போன்ற பெருநகரங்களில் ஏழைகளின் வீட்டுச் செலவில் பாதியை மத்திய சர்க்கார் ஏற்கும் என்றார்கள். நிலத்தைக் கொடுக்க வேண்டியது ராஜ்யத்தின் பொறுப்பு. மைலாப்பூரிலோ சிந்தாதிரிப்பேட்டையிலோ நிலம் வாங்கினால் கஜானா தாங்காது. நகருக்கு வெளியே சர்க்காருக்குச் சொந்தமான விரிந்த நிலம் இருக்கிறது, அதற்கு விலையில்லை. எனவே ஒரு வீட்டுக்கு இவ்வளவு என்ற கணக்கில் அங்கே கட்டுவது மலிவாகத் தோன்றிற்று. கணக்குத் தப்பில்லை, கணக்கில் ஏற்றிய இனங்கள்தாம் குறைவு. கடற்கரையருகே நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிய பெண் இப்போது 20, 25 கிலோமீட்டர் பிரயாணம் செய்ய வேண்டும். விடியற்காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் தெருமுனைக்கு மேஸ்திரியைத் தேடிப் போகிற கொத்தனார் நேரத்துக்குப் போய்ச் சேரமாட்டார். பள்ளி ஆண்டின் நடுவே குடும்பம் பெயர்க்கப்பட்டபோது படிப்பை விட்ட பிள்ளைகள் உண்டு. இந்த நஷ்டங்களை ஏழை தன் கையிலிருந்து கொடுக்கிறான். ஆகையால் பட்ஜெட்டில் அவை தெரிவதில்லை. போதாக்குறைக்கு, இக்குடியிருப்புகளுக்கு அண்டையில் கிடப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-ல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அது அறிவிக்கப்பட்டது. ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று சொல்லிக் கிளப்பப்பட்டவர்கள் செம்மஞ்சேரியிலும் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள்.

சட்டம் இதை அறியாததன்று. 1985-ல் பம்பாய் நடைபாதை வாசிகளைப்பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில், உயிர் வாழும் உரிமையில் பிழைப்பு நடத்தும் உரிமையும் அடங்கும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. ஏழை ஓரிடத்தில் குடிசை போடுவது அங்கே பிழைப்பு இருப்பதனால்தான். இடத்தைப் பறித்தால் பிழைப்பும் போகும் என்ற உண்மையைக் கோர்ட்டார் ஒப்புக்கொண்டார்கள். ஆயினும், தக்க முறைப்படி சர்க்கார் அப்புறப்படுத்துவதை அத்தீர்ப்பு தடுத்துவிடவில்லை. சென்னையைப்பற்றி அதே ஆண்டில் முடிவான சந்துரு வழக்கிலோ, தமிழ்நாட்டுச் சர்க்கார் குடிசைவாசிகளின் நலனில் காட்டிய அக்கறையைக் கோர்ட்டார் பாராட்டி, அந்த அக்கறை தொடரும் என்று நம்பிக்கை தெரிவித்தார்கள். அந்தப் பாராட்டைப் பெற்றது 1970-களின் வேலை. அதை வாங்கி வைத்துக்கொண்டு பெரும்பாக்கத்துக்குப் போனோம்.

நியாயமாகச் சொல்வதானால், 2021-க்குப் பின் போக்கில் ஒரு திருத்தம் தெரிகிறது. பழுதடைந்த பழைய அடுக்குமாடிகளை இடித்து அதே இடத்தில் புதிய வீடுகள் கட்டுவதற்குத் தொகை ஒதுக்கப்பட்டது. இதை மனமார வரவேற்கிறோம். புதிய வீடு முடியும்வரை வெளியே வாடகைக்கு இருக்க ஒரு குடும்பத்துக்கு 24,000 ரூபாய் என்று உதவித்தொகையும் உயர்த்தப்பட்டது. கட்டடம் 18 மாதத்தில் முடிவதாகவே வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 1,333 ரூபாய் வருகிறது. சென்னையில் அத்தொகைக்கு எந்த வீட்டுக்காரர் கதவைத் திறப்பார் என்று தெரிந்தால் நமது காரியாலயத்து ஊழியர்களுக்கும் சொல்லலாம்.

கட்டிய வீட்டைக் காப்பதற்கு நம்மிடம் ஏற்பாடு இல்லை என்பதை அதே 2021-ஆம் ஆண்டு இருமுறை காட்டிற்று. புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் கை வைத்தால் சுவரின் பூச்சு உதிர்ந்தது. ஊரெங்கும் அது பேச்சாயிற்று. நிபுணர் குழு ஆராய்ந்தது. என்ஜினீயர்கள் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது. டிசம்பர் மாதம் 27-ஆம் தேதி திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-ல் கட்டிய அடுக்குமாடி ஒன்று 24 வீடுகளோடு சரிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு ஜனங்கள் முன்னதாகவே வெளியேறியிருந்தபடியால் ஓர் உயிரும் போகவில்லை. தெய்வாதீனம் என்றார்கள். தெய்வத்தை மராமத்து இலாகாவில் சேர்த்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? 28 வருஷக் கட்டடம் விழக்கூடியதா? நம் ஊர்களில் பாட்டன் கட்டிய ஓட்டு வீடு நிற்கவில்லையா? அந்த வீட்டுக்கு வருஷந்தோறும் ஓடு மாற்ற ஒருவன் இருந்தான், அது அவனுடையது. வாரிய வீட்டில் குடியிருப்பவன் அதைச் சர்க்கார் வீடு என்கிறான். சர்க்காரோ ஒதுக்கீடு செய்தாயிற்று, இனி பயனாளியின் பொறுப்பு என்கிறது. நடுவில் குழாய் ஒழுகுகிறது.

இக்குறையை உணர்ந்தே, "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" என்ற திட்டம் ஏற்பட்டது. குடியிருப்போர் சங்கம் அமைத்து மாதச் சந்தா வசூலித்தால் அதற்கு ஈடான தொகையைச் சர்க்காரும் கொடுக்கும். தத்துவம் மிகச் சரி. ஆனால், எட்டு மாடிக் கட்டடத்தின் மின்தூக்கியையும் நீர் ஏற்றும் மோட்டாரையும் கூலிக்காரக் குடும்பங்களின் சந்தாவினால் ஓட்டிவிட முடியுமா? உயரமான கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தது சங்கமல்லவே.

கிராமங்களின் கதையும் இதிலிருந்து வெகுவாக வேறுபட்டதன்று. 2006 முதல் 2011 வரை நடந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 12,618 ஊராட்சிகளிலும் நூலகம் கட்டினார்கள். உயர்ந்த எண்ணம். கட்டடத்துக்கு இருந்த தொகை புத்தகத்துக்கும் நூலகருக்கும் தொடர்ந்து இல்லாமற்போனதால் பல ஊர்களில் அவை பூட்டிக் கிடந்தன. இதற்கு மாறாக, 1997-ல் தொடங்கிய நமக்கு நாமே திட்டத்தில் ஜனங்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியைச் சர்க்கார் போடுகிறது. தன் பணம் போட்டவன் சிமெண்டின் தரத்தை வந்து பார்க்கிறான். ஆட்சி மாறியபோது தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியும், திரும்பவும் பழைய பெயர் வந்தும், திட்டம் மட்டும் பிழைத்திருந்தது. தமிழ்நாட்டில் இது சாதாரணப் பாராட்டல்ல. இதிலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். மூன்றில் ஒரு பங்கைப் பணக்கார ஊர் ஒரே மாலையில் திரட்டிவிடும். கூலிக்காரர் சேரி திரட்டாது. பங்கு கொடுக்க முடிந்த ஊருக்கே பொதுப் பணமும் போய்ச் சேருமானால் உள்ளவனுக்கே மேலும் உதவியதாகும். சேரியின் பங்கை அவர்கள் கை உழைப்பாகவே ஏற்றுக்கொண்டால் என்ன?

2024-ல் வந்த கனவு இல்லத் திட்டத்தில் கிராமத்துக் குடிசைவாசிக்கு 360 சதுர அடி வீடு கட்டிக்கொள்ள மூன்றரை லட்சம் ரூபாய் கொடுக்க ஏற்பாடாயிற்று. அவ்வாண்டு ஒரு லட்சம் வீடுகள் என்று நிர்ணயித்தார்கள். தன் இடத்தில் தானே கட்டிக்கொள்ளும் முறையாதலால் இது நல்ல வழி. இங்கேயும் முதலில் கேட்கப்படுவது பட்டா. பட்டா இருப்பவன் கடைசி ஏழையல்லன். கடைசி ஏழை ஏரிக்கரைப் புறம்போக்கில் இருக்கிறான்.

ஆகையால் நாம் கோருவது புதிய கோடிகளை அல்ல. 1985-ல் நின்றுபோன பட்டியலைத் திறந்து, இன்று உள்ள குடிசைப் பகுதிகளைச் சட்டப்படி அறிவிக்க வேண்டும். நகரின் ஓரத்தில் சர்க்கார் நிலம் இருந்தால் அதில் அடுக்குமாடி எழுப்புவதைவிட்டு, பேருந்தும் பள்ளியும் முதலில் கொண்டுபோய், வில்லிவாக்கத்தில் செய்ததுபோல எல்லா வகுப்பாருக்கும் மனை வகுக்க வேண்டும். ஒரு கட்டடத்துக்குத் தொகை அனுமதிக்கும்போதே அதை 30 வருஷம் காப்பதற்கான நிதியையும் தனியே ஒதுக்கி வைக்க வேண்டும். இல்லையேல் அனுமதியே கூடாது.

வீட்டு வசதி மானியக் கோரிக்கை சட்டசபைக்கு வரும்போது, எத்தனை வீடுகள் கட்டப்பட்டன என்ற கேள்விக்கு மந்திரி நிச்சயம் பதில் வைத்திருப்பார். தவணை கட்டி முடித்தவர்களில் எத்தனை பேருக்குக் கிரயப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்பட்டது என்று அங்கத்தினர் ஒருவர் அதனுடன் சேர்த்துக் கேட்க வேண்டும். வாரியத்தின் கணக்கு ஒருபுறமிருக்கட்டும். வட சென்னையில் ஒரு பிஸ்கட் டின்னில் இருக்கும் ரசீதுகளை நாமே எண்ணிச் சொல்லத் தயாராயிருக்கிறோம்.